ஏர்வாடி: ஓர் ஊரின் பெயர் ஏச்சான கதை

ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒருவரைச் சுட்டி "அது ஏர்வாடி கேஸுப்பா" என்று சொன்னால், அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஊரே ஒரு பக்கம் வலை விட்டால் தான் மட்டும் வேறு பக்கம் விடுகிறவர், கரையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கிறவர், கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண், விடிய விடியப் படித்துவிட்டு மத்தியானம் வரை தூங்குகிற பையன் என்று எல்லாருக்கும் இந்தச் சொல் போய்ச் சேரும். கோபத்தில் சொல்வார்கள், கேலியாகவும் சொல்வார்கள். அடம்பிடிக்கிற மகனைப் பார்த்து அம்மாவே, "ஒன்னய ஏர்வாடியிலதான் கொண்டுபோய்க் கட்டிப் போடணும்டா" என்று செல்லமாகச் சொல்வாள்.

இந்தச் சொல் தீவுக்குள் மட்டும் புழங்குவதில்லை. தென்மாவட்டங்களில் எங்கே சொன்னாலும் புரியும். இதே பொருளுக்குச் சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்பார்கள், திருச்சிப் பக்கம் "குணசீலம்" என்பார்கள். மூன்றும் ஊர்ப்பெயர்கள். மூன்றுக்கும் ஒரே கதை உண்டு என்றாலும் ஏர்வாடியின் கதைதான் மிகவும் வலிப்பது. வேறு எங்கும் கதவு திறக்காதபோது, தாங்கள் பெற்ற பிள்ளையை, கூடப் பிறந்தவளை, கட்டிய கணவனைக் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் நம்பிப் போன ஊர் அது. அந்த நம்பிக்கையின் பெயரே ஏச்சாகிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதை இந்தச் சொல்லைச் சொல்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தெய்வம், பித்தம், மரை

சராசரியில் இருந்து விலகி நிற்பவருக்குப் பெயர் வைப்பது தமிழுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

மிகப் பழைய அடுக்கில் இந்தச் சொற்கள் தெய்வத்துக்குப் பக்கத்தில் இருந்தன. புத்தூரில் தன் திருமணத்தைத் தடுத்த கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார் என்றும், வந்தவர் சிவன் என்று தெரிந்த பிறகு அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடினார் என்றும் சொல்கிறது பெரியபுராண மரபு. அன்றிலிருந்து பித்தன் என்பது சிவனின் திருப்பெயர்களில் ஒன்று. வைணவத்தில் முதலாழ்வார் மூவரில் ஒருவருக்குப் பேயாழ்வார் என்றே பெயர். பக்தி மிகுந்து தன்னிலை மறந்தவர் என்பதால் வந்த பெயர் என்பார்கள் வைணவப் பெரியவர்கள். காரைக்கால் அம்மையார் பேய் வடிவை வேண்டிப் பெற்றவர். இருபதாம் நூற்றாண்டில்கூட சொ. விருத்தாசலம் என்ற எழுத்தாளர் புதுமைப்பித்தன் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டார். பித்து என்பதில் ஒரு கௌரவம் இருந்தது.

அடுத்தது உடம்பு. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் சமநிலையே ஆரோக்கியம் என்றன. பித்தம் தலைக்கேறினால் புத்தி தடுமாறும் என்பது அந்தக் கணக்கு. பித்து, பித்தன், பைத்தியம் எல்லாம் அந்தப் பித்தத்தோடு உறவுள்ள சொற்கள். பைத்தியம் என்று இன்று ஏசுகிறவர், ஒரு காலத்தில் வைத்தியர் நாடி பிடித்துச் சொன்ன நோய்க்குறியைத்தான் தெரியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருநெல்வேலிக்காரர் இதையே கோட்டி என்பார். ஈழத்தமிழர் விசர் என்பார். மண்டபம் முகாமுக்கு அகதிகளாக வந்தவர்கள் வழியாக விசர் இந்தக் கரைக்கும் பழக்கமான சொல்லாயிற்று.

மூன்றாவதாக இயந்திரம் வந்தது. "மரை கழண்டவன்", "நட்டு லூசு" என்பதெல்லாம் திருகாணியும் ஸ்பேனரும் ஊருக்குள் வந்த பிறகுதான் பிறந்திருக்க முடியும். ஆங்கிலத்திலிருந்து இறங்கிய "லூசு", திரைப்படமும் கல்லூரியும் ஏற்றிவிட்ட வேகத்தில் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. இதில் தெய்வமும் இல்லை, நோயும் இல்லை. மனிதன் பழுதான கருவி, அவ்வளவுதான்.

நான்காவதாகப் பிறந்தவைதான் கீழ்ப்பாக்கமும் ஏர்வாடியும். இவை மனிதனைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. அவனை எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்பதை மட்டும் சொல்கின்றன. தெய்வத்தில் தொடங்கிய பெயர் வரிசை கடைசியில் ஒரு முகவரியில் வந்து நின்றது.

கீழ்ப்பாக்கம் காட்டிய வழி

ஒரு முகவரி வசைச்சொல் ஆவதற்கு முதலில் அங்கே ஒரு கட்டடம் வேண்டும். சென்னையில் 1794இல் வாலண்டைன் கனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். பின்னர் அரசு லோகாக் தோட்டம் எனப்பட்ட இடத்தில் புதிய கட்டடம் எழுப்பி 1871இல் 145 நோயாளிகளோடு திறந்தது. அதுவே இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். நகரத்துக்கு வெளியே, சுற்றுச்சுவருக்கு உள்ளே, சட்டம் அனுப்பினால் மட்டுமே போகிற இடமாக அது இருந்தது. 1858ஆம் ஆண்டின் பைத்தியக்கார விடுதிச் சட்டமும் பின்னால் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியைக் குணப்படுத்துவதைவிட ஊரிலிருந்து ஒதுக்கி வைப்பதிலேயே கவனமாக இருந்தன. உள்ளே போனவர் திரும்பி வருவதை மக்கள் அதிகம் பார்க்கவில்லை. அதனால் அந்த ஊர்ப்பெயரே முடிவைக் குறிப்பதாகிவிட்டது.

இங்கே ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது. "லுனாட்டிக் அசைலம்" என்ற பெயர் மனிதர்களை இழிவுபடுத்துகிறது என்று உணர்ந்து, 1920களில் நாடெங்கும் இந்த விடுதிகளுக்கு "மெண்டல் ஹாஸ்பிட்டல்" என்று மரியாதையான பெயர் சூட்டினார்கள். கீழ்ப்பாக்கத்துக்கு அந்தப் பெயர் 1922இல் வந்தது. இழிவைப் போக்க வைத்த அந்தப் பெயரிலிருந்துதான் "மெண்டல்" என்ற வசை தமிழ்த் தெருக்களுக்கு இறங்கியது. பெயர்ப்பலகை மாறியது, சுவரும் பூட்டும் மாறவில்லை. மக்கள் பலகையைப் பார்த்துச் சொல் உருவாக்குவதில்லை, உள்ளே நடப்பதைப் பார்த்தே உருவாக்குகிறார்கள். ஏர்வாடிக்கும் இதே விதிதான்.

அந்தச் சுவருக்குள் மாற்றம் வந்ததும் உண்மை. 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் ஒருவர். வெளிநோயாளியாக வந்து மருந்து வாங்கிப் போகும் வழியையும், தொழில் கற்று வீடு திரும்பும் வழியையும் அவர் பலப்படுத்தினார். பிறகு 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் அதெல்லாம் சென்னையில். தங்கச்சிமடத்திலிருந்து சென்னை ஓர் இரவு ரயில் பயணத் தூரம். ராமநாதபுரம் கரையில் வாழ்ந்த மீனவக் குடும்பத்துக்கோ, முதுகுளத்தூர் பக்கத்து வானம் பார்த்த பூமிச் சம்சாரிக்கோ, மனம் கலங்கிய பிள்ளையோடு அவ்வளவு தூரம் போவது நடக்கிற காரியமாக இல்லை. அவர்களுக்கு ஏர்வாடி இருந்தது.

அடைக்கலம்

தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன், மண்டபம், உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் போய், அங்கிருந்து கீழக்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால் ஏர்வாடி. மன்னார் வளைகுடாக் கரையோரம் சுல்தான் செய்யிது இபுராகீம் ஷஹீத் பாதுஷா அடங்கியிருக்கும் தர்கா அங்கே இருக்கிறது. மதீனாவிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் வந்து இந்த மண்ணில் உயிர்துறந்தவர் அவர் என்பது தர்கா மரபு. சேதுபதி மன்னர்கள் தர்காவுக்கு நிலம் கொடுத்ததையும் இந்தப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஆண்டுதோறும் சந்தனக்கூட்டுக்கு எல்லா மதத்தாரும் கூடுவார்கள்.

மனம் கலங்கியவர்கள் இந்தத் தர்காவில் தங்கினால் தெளிவு பெறுவார்கள் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வேர்விட்டது. குடும்பத்தோடு வருவார்கள். தர்காவின் தண்ணீரைக் குடிப்பார்கள், விளக்கெண்ணெயைத் தேய்ப்பார்கள், சமாதிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு நாள் தங்குவது என்பதை மருத்துவரோ குடும்பமோ முடிவு செய்வதில்லை. பாதுஷா கனவில் வந்து "போகலாம்" என்று உத்தரவு தரவேண்டும். உத்தரவு வரும்வரை காத்திருப்பார்கள். சிலருக்கு வாரங்கள், சிலருக்கு வருஷங்கள்.

இது ஒரு மதத்தாரின் வழக்கம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. காவிரிக்கரையில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் 48 நாள் தங்கி, உச்சிக்காலப் பூசையில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப் பெறுவார்கள். தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் சோளிங்கர் மலைக்கும் இதே காரணத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. கத்தோலிக்கரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கலந்து வாழ்கிற தங்கச்சிமடத்திலிருந்து ஏர்வாடிக்குப் போனவர்கள் எந்த மதம் என்று யாரும் கேட்டதில்லை. ராத்திரி தூங்காமல் கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் தாய், எந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பக்கம் போவாள்.

அந்தத் தாய் செய்தது அறியாமை என்று ஒதுக்கவும் முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து எழுதிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருந்தும் இல்லை, பெரிய சடங்கும் இல்லை. கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, தொந்தரவு இல்லாமல் இருப்பது, கூடவே வீட்டார் ஒருவர் தங்குவது, இவ்வளவுதான். ஆனாலும் வந்தபோது இருந்த நோய்க்குறி அளவு, போகும்போது ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அடைக்கலம் தருகிற இடமும் யாரும் கல்லெறியாத சூழலும் மனதுக்கு மருந்தாகும் என்பதற்கு இது சாட்சி. ஏர்வாடியின் தொடக்கமும் அப்படிப்பட்ட அடைக்கலம்தான்.

இந்தக் கரைக்கு அடைக்கலம் புதிய வழக்கமும் இல்லை. பாம்பனிலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். சேது யாத்திரை வருகிறவர்கள் தங்கிப்போக, அக்காள் தங்கை இருவர் நினைவில் எழுந்த மடங்களால் வந்த பெயர்கள் இவை என்று ஊரார் சொல்வார்கள். வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது ஒரு ஊரின் பெயரில் பெருமையாக நிலைத்திருக்கிறது. மனம் கலங்கியவருக்கு இடம் கொடுத்த இன்னொரு ஊரின் பெயர் ஏன் வசையானது?

சங்கிலி

வந்தவர்கள் பெருகினார்கள். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள எல்லாக் குடும்பத்தாலும் முடியவில்லை. கடலுக்குப் போகவேண்டும், கூலிக்குப் போகவேண்டும், மற்ற பிள்ளைகளையும் காப்பாற்றவேண்டும். அந்த இடைவெளியில்தான் தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. மாதம் ஒரு தொகை அனுப்பினால் நோயாளியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கீற்றுக் கொட்டகை, மண் தரை. ஓடிவிடாமல் இருக்கக் காலில் சங்கிலி. தர்காவுக்கு வந்துபோன ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் அந்தச் சங்கிலிகளைப் பார்த்தார்கள். பார்த்ததை ஊருக்குப் போய்ச் சொன்னார்கள்.

அந்தச் சொல் பிறந்தது இங்கேதான். "ஏர்வாடியில கட்டிப் போடணும்" என்ற கேலியில் இருக்கும் "கட்டிப் போடுதல்" வெறும் பேச்சழகு இல்லை, கண்ணால் கண்ட சங்கிலியின் நினைவு. வேண்டுதலுக்காகப் போகிற ஊர் என்ற பொருள் அதில் மெல்லத் தேய்ந்தது, பூட்டி வைக்கிற ஊர் என்ற பொருள் தடித்தது. தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன் வேறு மண்ணில் நட்டுப் பூத்த பிறகு அந்த ஊர் மல்லியாகப் பெயர் வாங்கிவிடுவது போல, பிரார்த்தனையில் வேர்பிடித்த சொல் ஏளனத்தில் பூத்து, பிறந்த மண்ணை மறந்துபோனது. 1999இல் வந்த பாலாவின் "சேது" திரைப்படத்தில் நாயகன் மனநோயாளிகளை வைத்திருக்கும் மடத்தில் கிடந்த கோலத்தைத் தமிழ்நாடே பார்த்து அழுதது. ஆனால் அது படம் என்று எழுந்து வந்துவிட்டது.

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநல விடுதி என்ற கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் சங்கிலியில். கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்களுக்குக் கூரை எரிவது தெரிந்தது, உள்ளே இருப்பவர்கள் ஏன் வெளியே வரவில்லை என்பதும் தெரிந்தது. அன்று மாண்டவர்கள் 25 பேர். பிறகு சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 28. தீ எல்லோரையும் துரத்தும், ஓடுவதற்குக் கால் இருந்தால் பிழைக்கலாம். அவர்களுக்குக் கால் இருந்தது, அது கட்டப்பட்டிருந்தது.

ஒரு வாரத்துக்குள் ஏர்வாடியில் இருந்த இப்படிப்பட்ட விடுதிகள் எல்லாம் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. விடுதியை நடத்தியவர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. சட்ட நூல்களில் அந்த வழக்கின் தலைப்பே, தமிழ்நாட்டு விடுதித் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம் என்பதுதான். மாநிலந்தோறும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது இருக்கவேண்டும், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது கூடாது, மனநோய் குணப்படுத்தக் கூடியது என்பதை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று 2002இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்கிறது. அந்தச் சட்டப் பிரிவுக்குப் பின்னால் ஏர்வாடியில் எரிந்த உயிர்கள் இருக்கின்றன.

உலகில் இதே சொற்கள்

ஊரின் பெயர் வசையாவது நம்மிடம் மட்டும் நடந்ததில்லை. லண்டனில் 1247இல் பெத்லகேமின் பெயரால் ஒரு கிறித்தவ மடம் எழுந்தது. காலப்போக்கில் அது மனநோயாளிகளின் மருத்துவமனையாயிற்று. பெத்லகேம் என்ற பெயரை மக்கள் பேச்சு "பெட்லாம்" என்று சுருக்கியது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கூச்சலும் குழப்பமும். இயேசு பிறந்த ஊரின் பெயர் அது என்பது பேசுகிற யாருக்கும் நினைவில்லை. வடஇந்தியாவில் ராஞ்சியும் ஆக்ராவும், கொழும்பில் அங்கொடையும் இதே வேலையைச் செய்கின்றன. மலேசியாவில் 1911இல் பெரிய மனநல மருத்துவமனை எழுந்த தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரின் பெயரை அங்குள்ள தமிழர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இரண்டு ஊர்கள் வேறு கதை சொல்கின்றன.

பெல்ஜியத்தில் கீல் என்ற ஊர். புனித டிம்ஃப்னாவின் கோயிலுக்கு மனம் கலங்கியவர்களை அழைத்துவருவது அங்கே இடைக்காலத்திலிருந்தே வழக்கம். ஏர்வாடியில் போலவே வந்தவர்களுக்குக் கோயிலில் இடம் போதவில்லை. அப்போது ஊரார் தங்கள் வீட்டுக்குள் அவர்களை அழைத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு சாப்பாடு, வயலில் வேலை, பிள்ளைகளோடு பேச்சு. 19ஆம் நூற்றாண்டில் அரசு மேற்பார்வை செய்து, குடும்பங்களுக்கு உதவித்தொகையும் மருத்துவ உதவியும் கொடுத்தது. 1930களின் இறுதியில் அந்தச் சிறிய ஊரின் வீடுகளில் 3,700க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். இன்றும் அந்த முறை தொடர்கிறது. மனநலப் பராமரிப்பைப் படிக்க உலகெங்குமிருந்து கீலுக்குப் போகிறார்கள். தொடக்கம் இரண்டு ஊருக்கும் ஒன்றே: ஒரு புனிதரின் அடக்கத்தலம், நம்பிக்கை, நெரிசல். கீலில் அரசு ஊராரோடு கைகோத்தது. ஏர்வாடியில் அரசு வந்தது தீக்குப் பிறகுதான்.

இரண்டாவது, கோழிக்கோட்டின் குதிரவட்டம். அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால் மலையாளத்தில் அந்தப் பெயர் நம் கீழ்ப்பாக்கம் போன்றது. 1964இல் வந்த "பார்கவி நிலையம்" படத்துக்குக் கதை வசனம் எழுதிய வைக்கம் முகம்மது பஷீர், அதில் நடித்த பத்மதளாக்ஷன் என்ற நடிகருக்குக் குதிரவட்டம் பப்பு என்று பெயர் கொடுத்தார். பஷீர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். சிகிச்சைக் காலத்தில்தான் "பாத்துமாவின் ஆடு" நாவலை எழுதினார். அந்த நாவலை மலையாளிகள் மட்டுமல்ல, தமிழர்களும் கொண்டாடுகிறார்கள். பப்பு 2000இல் மறையும் வரை அந்தப் பெயரோடுதான் நடித்தார். கேரளம் முழுக்கக் குதிரவட்டம் என்றால் ஏளனத்தோடு கூடவே ஒரு பிரியமான முகமும் நினைவுக்கு வந்தது. நோயின் வழியாக நடந்து வந்த ஒருவர், கேலிச்சொல்லை எடுத்து ஒரு கலைஞனுக்குச் சூட்டி அதன் பொருளையே திருப்பினார்.

இனி அந்தச் சொல்

"ஏர்வாடி கேஸு" என்ற சொல்லில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அது இரண்டு வேறு மனிதர்களை ஒரே வலையில் அள்ளுகிறது. தன் போக்கில் வாழ்கிறவருக்குச் சிகிச்சை தேவையில்லை. அவர் தனியாகச் சிந்திக்கிறார், வேறு மாதிரி உடுத்துகிறார், ஊர் கேட்காத கேள்வியைக் கேட்கிறார். அவரை விட்டுவிட வேண்டும், முடிந்தால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நோயால் துன்பப்படுகிறவருக்கோ உடனே உதவி தேவை. காதில் குரல்கள் கேட்டு அஞ்சுகிறவர், பல நாளாகத் தூங்காதவர், சாகவேண்டும் என்று நினைக்கிறவர் நம் வீட்டிலேயே இருக்கலாம். இந்த இருவருக்கும் ஒரே பெயர் வைத்தால் முதலாமவரை அவமதிக்கிறோம், இரண்டாமவரை மறைத்துவைக்கச் செய்கிறோம். "ஏர்வாடின்னு சொல்லிருவாங்களே" என்ற பயத்தில் மகளின் நோயை வெளியே சொல்லாத பெற்றோர் இந்தக் கரையில் உண்டு. நோயை ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் தேறியிருக்கக் கூடியவர்கள், இந்த ஒரு சொல்லின் வெட்கத்தால் காலத்தை இழக்கிறார்கள்.

சொல்லைத் தடை செய்து பயனில்லை. "மெண்டல்" அதற்குச் சாட்சி. நல்ல பெயர் வைத்தாலும் நிலைமை மாறாவிட்டால் நல்ல பெயரே வசையாகும். நிலைமையை மாற்றினால் சொல் தானாக மாறும். மாற்றம் தொடங்கியும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் ராமநாதபுரத்துக்கும் வந்தது. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துவா என்ற பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கட்டும் என்ற திட்டத்தில் அரசு மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். வேண்டுதலை யாரும் பறிக்கவில்லை, அதன் பக்கத்தில் மாத்திரையை வைத்தார்கள். பாதுஷாவின் உத்தரவுக்குக் காத்திருக்கிற தாய், காத்திருக்கும் நாளில் மகனுக்கு மருந்தும் கொடுக்கலாம். இரண்டுக்கும் சண்டை இல்லை என்று புரியவைத்தது பெரிய காரியம்.

தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு இது தொலைவில் உள்ள ஊரின் கதை இல்லை. கடலில் போனவர் திரும்பாத வீடுகள், பிடிபட்டு அந்நியச் சிறையில் கிடந்து வந்தவர்கள், படகை இழந்து கடனில் மூழ்கியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். மனம் உடையக் காரணங்கள் குறைவில்லாத ஊர் இது. இங்கே ஒருவர் நிலை தடுமாறினால் அவரைக் குறிக்க ஒரு கேலி தயாராக இருக்கக் கூடாது, கைப்பிடிக்க ஒரு ஆள் தயாராக இருக்கவேண்டும். எல்லா நேரமும் தமிழிலேயே பேசக்கூடிய டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஏர்வாடி என்ற சொல் பிறந்ததற்குக் காரணம், ஒரு குடும்பத்துக்கு வேறு முகவரி இல்லாமல் போனது. இன்று முகவரிகள் இருக்கின்றன. அடுத்த முறை யாரையாவது பார்த்து "ஏர்வாடி" என்று வாய் வரும்போது, அந்த மனிதருக்குத் தேவை சிகிச்சையா, அல்லது அவர் பாட்டுக்கு இருக்கும் சுதந்திரமா என்று கேட்போம். சிகிச்சை என்றால் கூடவே போவோம். சுதந்திரம் என்றால் விட்டுவிடுவோம். இந்த இரண்டையும் ஊர் செய்யத் தொடங்கினால், அந்தச் சொல் ஏச்சாக இருக்க வேண்டிய அவசியம் போய்விடும். ஏர்வாடி மறுபடியும் ஓர் ஊரின் பெயராகும்.